இசைச் சீட்டும் நோய்ச் சீட்டும்

"பாட்டுக் கேட்டது போலவும் ஆயிற்று, பத்துப் பேருக்கு உதவியது போலவும் ஆயிற்று!" - இப்படிச் சொல்லித்தான் டிக்கெட் புத்தகத்தை நீட்டுகிறார்கள். நீட்டுகிறவர் நல்லவர். வாங்குகிறவரும் நல்லவர். மேடையேறிப் பாடுகிறவரோ, சன்மானம் வேண்டாமென்று சொல்லிவிட்டு வந்திருப்பார். இதிலே குறை காண்பதற்கு என்ன இருக்கிறது என்று கேட்கலாம்.

குறை காண வரவில்லை நாம். உதவி நிதி நாடகத்திற்கு வீதி வீதியாக டிக்கெட் விற்றுக் கால் கடுத்த தோழர்கள் நம்மிலே ஏராளம். கடைசி வரிசை நாலணா டிக்கெட்டை ஒரு மூட்டை தூக்கும் தொழிலாளி வாங்கும்போது அவர் முகத்திலே தெரிந்த பெருமிதத்தைக் கண்டவர்கள் நாம். பாட்டும் கூத்தும் பணக்காரன் வீட்டுப் பண்டமல்ல என்பதை நமக்கு எவரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

ஆனாலும் ஒரு கேள்வியைக் கேட்டுத்தான் ஆக வேண்டும். எதற்கு டிக்கெட் விற்கலாம்? எதை டிக்கெட் விற்பனையை நம்பி விடக்கூடாது? புயலிலே வீடிழந்தவனுக்குக் கஞ்சி ஊற்ற ஒரு கச்சேரி நடக்கிறது, நடக்கட்டும். நோயாளிக்குக் கட்டில் வேண்டும், அதற்கும் கச்சேரிதான் என்றால்? கச்சேரி நடக்காத ஆண்டிலே நோய் வந்தவன் கதி என்ன?

இதை நம் ஊர் வழக்காகப் பேசினால் அவரைச் சொல்கிறாய், இவரைச் சொல்கிறாய் என்று கட்சி கட்டிக்கொள்வார்கள். ஆகவே தொலைவிலே உள்ள ஓர் ஊருக்குப் போவோம். இங்கிலாந்திலே பர்மிங்ஹாம் என்னும் தொழில் நகரம். 1768 முதல் 1912 வரை, இடைவெளி விட்டு விட்டு 144 ஆண்டு, இசை விழா நடத்தி டிக்கெட் விற்று ஓர் ஆஸ்பத்திரியைத் தாங்கிப் பார்த்த ஊர் அது. அந்த ஊரின் அனுபவத்திலே நமக்குப் பாடம் நிறைய இருக்கிறது.

பொத்தான், வார்ப்பூட்டு, பித்தளைச் சாமான், துப்பாக்கி, பின்னாளிலே பேனாமுனை - இவையெல்லாம் பர்மிங்ஹாமின் பட்டறைகளிலே பிறந்தன. உலோகத்தை உருக்குகிற ஊரிலே உடம்பும் உருகும். கை நசுங்குவோர், கண் இழப்போர், புகையிலே நெஞ்சு கெடுவோர் - நாள் தவறாமல் உண்டு. அந்த ஊருக்கு ஒரு பொது ஆஸ்பத்திரி வேண்டும் என்று ஜான் ஆஷ் என்ற மருத்துவரும் நகரப் பிரமுகர்களும் 1765-ஆம் ஆண்டிலே கூடி முடிவு செய்தார்கள். நன்கொடைப் பட்டியல் திறந்தார்கள். கட்டடம் எழும்பத் தொடங்கிற்று. பாதியிலே பணம் தீர்ந்தது. வேலை நின்றது.

அப்போது வந்ததுதான் இசை யோசனை. 1768 செப்டம்பரிலே மூன்று நாள் விழா. பகலிலே தேவாலயத்திலே பக்தி இசை, மாலையிலே நாடகக் கொட்டகையிலே கேளிக்கை இசை. ஹாண்டெல் என்ற பேரிசைஞன் அதற்கு ஒன்பது ஆண்டு முன்புதான் மறைந்திருந்தான். அவனுடைய பாடல்களுக்கு ஊரிலே நல்ல மவுசு. டிக்கெட் விற்றது. பணம் வந்தது. ஆனால் கட்டடம் முடிகிற அளவுக்கு வரவில்லை.

பத்தாண்டு கழிந்து 1778-இலே இன்னொரு விழா வைத்தார்கள். அதன் பிறகே, 1779 செப்டம்பரிலே, ஆஸ்பத்திரியின் கதவு திறந்தது. கணக்குப் பாருங்கள் தோழர்களே! முடிவு செய்த நாளிலிருந்து கதவு திறந்த நாள் வரை 14 ஆண்டு. அந்தப் பதினான்கு ஆண்டிலே பட்டறைகள் ஒரு நாளாவது நின்றனவா? பொத்தான் ஏற்றுமதி நின்றதா? ஊரிலே செல்வம் இல்லாமலா போயிற்று? இருந்தது, ஏராளமாகவே இருந்தது. ஆனால் அந்தச் செல்வத்தை உண்டாக்கிய கைக்குக் கட்டுப்போட ஓரிடம் வேண்டுமென்றால், வயலின் வாசிப்பவன் வர வேண்டும், சீமாட்டிகள் அலங்கரித்துக்கொண்டு வந்து அமர வேண்டும், அதிலே மிச்சம் விழ வேண்டும்!

இந்த முறையை பர்மிங்ஹாம் கண்டுபிடித்தது என்று நினைத்துவிட வேண்டாம். அதே ஹாண்டெல் தன்னுடைய "மெசையா" என்ற பெரும்படைப்பை முதன்முதலாக அரங்கேற்றியது அயர்லாந்தின் டப்ளின் நகரத்திலே, 1742 ஏப்ரல் 13-ஆம் நாள். அதுவும் தருமக் கச்சேரிதான். கடனுக்காகச் சிறையிலே கிடந்தவர்களுக்கும், இரண்டு ஆஸ்பத்திரிகளுக்கும் என்று வசூலைப் பங்கிட்டார்கள். கூட்டம் அதிகம் வரும், இடம் போதாது என்பதற்காக, பெண்மணிகள் பாவாடைக்குள்ளே வளையம் வைத்துக் கட்டாமல் வர வேண்டும், கனவான்கள் இடுப்பிலே வாள் இல்லாமல் வர வேண்டும் என்று முன்கூட்டியே கேட்டுக்கொண்டார்கள். வளையமும் வாளும் வீட்டிலே தங்கின; எழுநூறு பேர் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். சுமார் 400 பவுன் சேர்ந்தது. அந்தப் பணத்தைக் கொண்டு கடனடைத்து 142 கைதிகள் சிறையிலிருந்து விடுவிக்கப்பட்டார்கள்.

142 குடும்பங்கள்! அதை அற்பமென்று நாம் சொல்ல மாட்டோம். சிறைக் கதவு திறந்து வெளியே வந்தவனின் மனைவிக்கும் மக்களுக்கும் ஹாண்டெல் தெய்வமாகத்தான் தெரிந்திருப்பான். கண் மங்கிய முதுமையிலும் அவன் லண்டனிலே அனாதைக் குழந்தைகளின் விடுதிக்காக அதே "மெசையா"வை ஆண்டுதோறும் நடத்தித் தந்தவன். கலைஞன் கை தாராளமான கை. அதிலே நமக்கு ஐயமில்லை.

ஆனால் கடன்பட்டவனைச் சிறையிலே தள்ளுகிற சட்டம் இருக்கிறதே, அது அந்தக் கச்சேரியைக் கேட்டு அசையவில்லை. வாசல் வழியாக 142 பேர் வெளியேறிய அதே சிறைக்குள்ளே மறுநாளே புதுக் கடன்காரன் நுழையலாம். இங்கிலாந்திலே கடன் சிறையைப் பெரும்பாலும் ஒழித்த சட்டம் வந்தது 1869-இலேதான். அது கச்சேரி மேடையிலிருந்து வரவில்லை, பாராளுமன்றத்திலிருந்து வந்தது.

பர்மிங்ஹாமுக்குத் திரும்புவோம். 1784 முதல் அந்த விழா மூன்றாண்டுக்கு ஒரு முறை என்று நிலைபெற்றுவிட்டது. பெயரும் புகழும் ஓங்கின. தேவாலயம் கூட்டத்திற்குப் போதவில்லை. விழாவுக்கென்றே ஒரு மண்டபம் வேண்டுமென்று நகர மன்றம் எழுப்பினார்கள். பழைய ரோமானியக் கோயிலைப் போலச் சுற்றிலும் தூண்கள். உள்ளே மலைபோல் ஒரு குழலிசைக் கருவி. 1834-இலே அதிலே முதல் விழா நடந்தது. இன்றும் நிற்கிறது, படத்திலே பார்த்தாலும் கண்ணைக் கவரும்.

அந்தத் தூண்களின் அழகைப் பாடியவர்கள் பலர். நாம் இருவரைப் பற்றிச் சொல்ல விரும்புகிறோம். ஜான் ஹீப், வில்லியம் பேட்ஜர் என்று பெயர். 1833 ஜனவரி 26-ஆம் நாள், மண்டபத்தின் கூரைக்கு உத்தரம் ஏற்றும்போது பாரந்தூக்கியின் கப்பி அறுந்தது. இருவரும் மடிந்தார்கள். தருமத்திற்காக எழுந்த மண்டபத்தின் முதல் காணிக்கை இரண்டு தொழிலாளிகளின் உயிர். செயிண்ட் பிலிப் தேவாலயத்து இடுகாட்டிலே அவர்களுக்கு ஒரு நினைவுக் கல் உண்டு. அது என்ன கல் தெரியுமா? உடன் வேலை பார்த்த தொழிலாளி செதுக்கிய ஒரு தூணின் அடிக்கல்! மண்டபத்துக்கு வெளியிலே, புல் நடுவிலே, மேலே தூணில்லாமல் அடிப்பாகம் மட்டும் நிற்கிறது. எந்தச் சிற்பியும் இதைவிடச் சரியாகச் செய்திருக்க முடியாது என்று நமக்குத் தோன்றுகிறது.

மண்டபம் எழுந்த பின் விழா உலகப் புகழ் பெற்றது. ஜெர்மானிய இசைஞன் மெண்டல்சன் தன்னுடைய "எலைஜா"வை 1846 ஆகஸ்டு 26-ஆம் நாள் அங்கேதான் அரங்கேற்றினான். பிரெஞ்சு நாட்டு கூனோ, செக் நாட்டு துவோர்ஷாக், உள்நாட்டு எல்கார் என்று பெரும் பெயர்கள் அந்த மேடைக்கென்றே புதுப் படைப்பு இயற்றிக் கொண்டு வந்தன. இசை வரலாற்றிலே பர்மிங்ஹாமுக்கு இடம் தேடித் தந்தது ஓர் ஆஸ்பத்திரியின் தேவைதான் என்பதை மறக்கலாகாது. இசை ஆஸ்பத்திரிக்கு உதவிற்று என்கிறார்கள். ஆஸ்பத்திரியும் இசைக்கு உதவியிருக்கிறது!

சரி, அந்த மண்டபத்திலே யார் உட்கார்ந்தார்கள்? நல்ல இடத்து டிக்கெட் ஒரு கினி. கினி என்றால் 21 ஷில்லிங். அந்நாளிலே சாதாரணக் கூலியாளின் ஒரு வாரச் சம்பளத்தை அப்படியே விழுங்கிவிடும் தொகை. பித்தளைப் பட்டறையிலே ஊதுலை முன் நிற்பவன் மெண்டல்சனைக் கேட்க வேண்டுமானால், அந்த வாரம் வீட்டிலே அடுப்பு எரியாது. ஆக, யாருக்காக விழாவோ அவன் வீதியிலே நின்று வண்டிகள் வருவதை வேடிக்கை பார்த்தான்.

இது ஒரு டிக்கெட். இன்னொரு டிக்கெட்டும் இருந்தது. அதைப் பற்றித்தான் நாம் முக்கியமாகச் சொல்ல வந்தோம்.

அந்நாளைய இங்கிலாந்திலே தரும ஆஸ்பத்திரிகளின் வழக்கம் இது: ஆண்டுச் சந்தா செலுத்துகிற கனவானுக்கு, நோயாளிகளைச் சிபாரிசு செய்து அனுப்பும் உரிமை உண்டு. சந்தா பெருகப் பெருகச் சிபாரிசுச் சீட்டும் பெருகும். நோயாளி என்ன செய்ய வேண்டும்? சந்தாதாரர் யார் யார் என்று விசாரித்துக்கொண்டு, அவர் வீட்டு வாசலிலே போய் நின்று, தான் ஏழை என்பதையும், அதோடு ஒழுக்கமான ஏழை என்பதையும் காட்டி, சீட்டு வாங்கி வர வேண்டும். ஐயா வெளியூர் போயிருந்தால் காத்திருக்க வேண்டும். ஐயாவிடம் சீட்டுத் தீர்ந்துவிட்டால் அடுத்த வீடு. ஐயாவின் தொழிற்சாலையிலே முன்பு ஒரு நாள் எதிர்த்துப் பேசியவனாக இருந்தால்? அதற்கு விதி எதுவும் எழுதி வைக்கவில்லை; எழுதாமலே விளங்கும். விபத்திலே அடிபட்டு வருகிறவனைச் சீட்டில்லாமல் சேர்த்துக்கொள்வார்கள் என்பது ஓர் ஆறுதல். காய்ச்சலோ, உள் நோயோ என்றால் சீட்டு வேண்டும். குணமான பின், நன்றி தெரிவித்துவிட்டுப் போக வேண்டும் என்பதும் பல ஆஸ்பத்திரிகளிலே விதி.

கினி டிக்கெட் வாங்கியவர் மண்டபத்துக்குள்ளே நிமிர்ந்து நடந்தார். சிபாரிசுச் சீட்டு வாங்கியவன் ஆஸ்பத்திரிக்குள்ளே குனிந்து நுழைந்தான். ஒரே நகரம், ஒரே தருமம், இரண்டு சீட்டு.

"அதெல்லாம் சரி ஐயா, கச்சேரி இல்லாவிட்டால் அந்த ஆஸ்பத்திரியே இருந்திருக்காதே! நசுங்கிய கையோடு வந்தவன், இந்தக் கட்டிலுக்குப் பணம் தந்தது யாருடைய பாட்டு என்றா கேட்டான்?" - இப்படி நம்மை மடக்குவோர் உண்டு. மடக்கட்டும். உண்மைதான். அவன் கேட்கவில்லை, கேட்கிற நிலையிலே அவன் இல்லை. அரசு கை கட்டி நின்ற காலத்திலே, பாட்டாவது உதவிற்றே என்று அந்தக் கலைஞர்களுக்கு நாமும் வணக்கம் செலுத்துகிறோம். நம் வழக்கு கலைஞர்கள் மீதல்ல. கலைஞன் கொடுத்ததைக் காட்டி, கொடுக்க வேண்டியவன் தப்பித்துக்கொண்டானே, அதன் மீதுதான். ஆஸ்பத்திரி நகரத்தின் பொறுப்பு, நாட்டின் பொறுப்பு என்ற பேச்சு எழும்போதெல்லாம், "அதுதான் மூன்றாண்டுக்கு ஒரு முறை விழா நடக்கிறதே" என்று சொல்லிவிட ஒரு சாக்குக் கிடைத்தது.

அந்த மண்டபத்திலேயே ஒரு மனிதர் வேறு விதமாக நடந்துகொண்டதைச் சொல்லாமல் விட்டால் நியாயமல்ல. எழுத்தாளர் சார்ல்ஸ் டிக்கன்ஸ், 1853 டிசம்பரிலே, பர்மிங்ஹாமில் எழவிருந்த ஒரு கல்விக் கழகத்தின் நிதிக்காகத் தம் கதைகளைப் பொதுமேடையிலே படித்துக் காட்ட ஒப்புக்கொண்டார். இசையல்ல, வாசிப்பு, ஆனால் அதே நகர மன்றம், அதே டிக்கெட் முறை. மூன்று இரவுகள். அவர் ஒரு நிபந்தனை போட்டார்: ஓர் இரவு தொழிலாளிகளுக்கென்று விட வேண்டும், கட்டணம் அவர்களுக்கு எட்டுகிறதாக இருக்க வேண்டும். டிசம்பர் 30-ஆம் நாள் அவ்விதமே நடந்தது. ஆறு பென்னி டிக்கெட். ஈராயிரத்துக்கு மேற்பட்ட உழைப்பாளிகள் வந்து நிறைந்தார்கள். அன்றிரவு அவர்கள் தருமம் வாங்க வந்தவர்களல்லர். டிக்கெட் வாங்கி, தங்கள் ஊர்க் கல்விக்குத் தாங்களும் காசு கொடுத்து, கதை கேட்டுச் சிரித்து அழுது வீடு திரும்பியவர்கள். டிக்கன்ஸ் சிறு வயதிலே மைப்பூச்சுத் தொழிற்சாலையிலே சீசாவுக்குக் காகிதம் ஒட்டியவர். அவருடைய தந்தை கடன் சிறையிலே கிடந்தவர். சீட்டின் அருமை அவருக்குத் தெரிந்திருந்ததிலே வியப்பில்லை.

பிறகு 1873-ஆம் ஆண்டு வந்தது. "ஆஸ்பத்திரிச் சனிக்கிழமை நிதி" என்று ஒன்று பர்மிங்ஹாமிலே பிறந்தது. சனிக்கிழமை பிற்பகல் ஓய்வு நேரம். அந்த ஓய்வை விட்டுக்கொடுத்து, பட்டறையிலே நின்று வேலை செய்து, கிடைக்கும் கூலியை ஆஸ்பத்திரிகளுக்குத் தருவது. கேம்ஜி என்ற அறுவை மருத்துவர் முன்னின்று தூண்டியது இது. மேடையில்லை, வண்டிகள் இல்லை, வளையப் பாவாடை இல்லை. சுத்தியல் ஓசைதான் இசை. அந்த நிதி ஆண்டுக்கு ஆண்டு வளர்ந்து நிலைத்துவிட்டது. நோய் தீர்ந்து உடம்பு தேறவேண்டிய தொழிலாளிகளுக்கு வேல்ஸ் நாட்டுக் கடற்கரையிலே, லாண்டட்னோவிலே, ஓய்வு இல்லம் வைக்கிற அளவுக்கு வளர்ந்தது.

இதிலே ஒரு மாறுதலைக் கவனிக்க வேண்டும். சந்தா கொடுப்பவன் கனவான் என்றிருந்தவரை, ஆஸ்பத்திரியின் ஆட்சிக்குழுவிலே கனவான்களே உட்கார்ந்தார்கள். தொழிலாளியின் காசு பெட்டியிலே விழத் தொடங்கிய பிறகு, இங்கிலாந்தின் பல ஊர்களிலே தொழிலாளி கேட்கலானான்: "காசு எங்களுடையது, நாற்காலி எங்கே?" சில இடங்களிலே கிடைத்தது, பல இடங்களிலே முணுமுணுப்போடு கிடைத்தது. கொடுக்கிற கைக்குக் கணக்குக் கேட்கிற வாயும் முளைத்துவிடும். அதனால்தான் பிரபுக்களுக்கு ஏழையிடம் வாங்குவதைவிட ஏழைக்குக் கொடுப்பது பிடித்திருக்கிறது.

கணக்கு என்றதும் நம் காலத்துக் கச்சேரி ஒன்று நினைவுக்கு வருகிறது. 1970 நவம்பரிலே அன்றைய கிழக்குப் பாகிஸ்தானை ஒரு புயல் சூறையாடிற்று. 1971-இலே போர், படுகொலை. சுமார் ஒரு கோடிப் பேர் அகதிகளாக இந்திய எல்லைக்குள்ளே வந்தார்கள். சித்தார் மேதை ரவிசங்கர் மனம் பொறாமல் தம் நண்பர் ஜார்ஜ் ஹாரிசனிடம் சொன்னார். 1971 ஆகஸ்டு 1-ஆம் நாள் நியூயார்க்கிலே ஒரே நாளில் இரண்டு கச்சேரிகள், சுமார் 40,000 பேர். டிக்கெட் வசூல் 2,43,418 டாலர், 50 சென்ட். அது ஐக்கிய நாடுகளின் குழந்தைகள் நிதிக்குப் போய்ச் சேர்ந்தது. சென்ட் வரைக்கும் கணக்கு இருப்பது நமக்குப் பிடித்திருக்கிறது.

ஆனால் பெரும் பணம் அதுவல்ல. இசைத்தட்டும் திரைப்படமும் ஈட்டிய பணம் அதைப்போலப் பன்மடங்கு. அந்தப் பணம் என்னவாயிற்று? தரும நிறுவனம் ஒன்றின் பெயரிலே முன்கூட்டி முறையாகப் பதிவு செய்யாமல் கச்சேரி நடந்துவிட்டது என்பதால், அமெரிக்க வரி இலாகா வந்து குறுக்கே நின்றது. டாலர்கள் பல ஆண்டு முடங்கிக் கிடந்தன. போர் முடிந்தது, வங்கதேசம் பிறந்தது, பஞ்சமும் வந்து போயிற்று. பணம் மட்டும் வழக்கறிஞர்களின் மேசையைத் தாண்டவில்லை. பாடியவர்களின் நெஞ்சிலே களங்கமில்லை. ஆனால் பசித்த குழந்தைக்கு நெஞ்சைக் கொண்டு கஞ்சி காய்ச்ச முடியாதே! டிக்கெட் அச்சடிப்பதற்கு முன்னால் ரசீது புத்தகத்தைப் பற்றி யோசிக்க வேண்டும் என்று நம் தோழர்களிடம் சலிக்கச் சலிக்கச் சொல்லுகிறோமே, எதற்கு? இதற்குத்தான்.

புயல் நிவாரணம் வேறு, ஆஸ்பத்திரி வேறு என்று முதலிலே சொன்னோம். அந்த வேறுபாட்டைச் சட்டமாக்கிக் காட்டியவர் அனூரின் பெவன். வேல்ஸ் நாட்டுச் சுரங்கத் தொழிலாளியின் மகன். பதின்மூன்று வயதிலே தாமும் நிலக்கரிச் சுரங்கத்திலே இறங்கியவர். அவருடைய ஊரான டிரெடீகரிலே, தொழிலாளிகள் வாரச் சம்பளத்திலே சில பென்னிகளை ஒதுக்கித் தாங்களே மருத்துவர் வைத்து, மருந்து வாங்கி, குடும்பத்தோடு காப்பாற்றிக்கொண்ட ஒரு சங்கம் இருந்தது. பெவன் அமைச்சரானதும் அந்தச் சங்கத்தின் கருத்தை நாடு முழுவதற்கும் விரித்தார். ஆஸ்பத்திரியிலே இருக்க வேண்டிய தாதியர் வீதியிலே இறங்கி ஆஸ்பத்திரிக்காகக் காசு குலுக்குவதைக் காணும்போதெல்லாம் தமக்கு அருவருப்பாக இருக்கிறது என்று 1946-இலே பாராளுமன்றத்திலே பேசினார். 1948 ஜூலை 5-ஆம் நாள் தேசிய மருத்துவப் பணி தொடங்கிற்று. நாட்டின் வரிப்பணத்திலே ஆஸ்பத்திரி. சீட்டு வேண்டாம், சிபாரிசு வேண்டாம், நன்றிக் கும்பிடு வேண்டாம்.

அந்தத் திட்டத்திலே இன்று குறை இல்லையா? உண்டு. சிகிச்சைக்குக் காத்திருப்போர் பட்டியல் நீளமாக இருக்கிறது. ஊழியர் பற்றாக்குறை இருக்கிறது. அதற்காக எந்த பிரிட்டிஷ் தொழிலாளியும் பழைய சிபாரிசுச் சீட்டுக்குத் திரும்பிப் போகிறேன் என்று சொன்னதாக நாம் கேள்விப்பட்டதில்லை.

இசை விழாக்கள் மட்டும் ஓயவில்லை, பெருகியிருக்கின்றன. இங்கிலாந்திலே கிளாஸ்டன்பரி என்ற இடத்துக்கருகே ஒரு பால் பண்ணையிலே 1970-இலே தொடங்கிய விழாவுக்கு அன்று டிக்கெட் ஒரு பவுன். பண்ணையின் பாலும் இலவசம். 2025-இலே அதே விழாவின் டிக்கெட் 373 பவுன் 50 பென்னி. வருவாயிலே ஒரு பங்கு ஆக்ஸ்பாம், வாட்டர்எய்ட், கிரீன்பீஸ் போன்ற அமைப்புகளுக்குப் போகிறது. டென்மார்க்கிலே ராஸ்கில்ட் விழா 1971-இலே தொடங்கியது. அடுத்த ஆண்டு முதல் ஒரு தருமச் சங்கமே அதை நடத்தி, லாபம் முழுவதையும் நற்பணிகளுக்குக் கொடுத்து வருகிறது. அங்கே சுமார் 30,000 தொண்டர்கள் ஊதியமில்லாமல் வேலை செய்கிறார்கள்.

ஊதியமில்லாத வேலை என்றதும் நம் காது நிமிர்கிறது, நிமிரத்தான் வேண்டும். கிளாஸ்டன்பரியிலே வாசல் காக்கிற, வழி காட்டுகிற தொண்டர்களிலே பலர் ஆக்ஸ்பாம் அனுப்புகிறவர்கள். அவர்கள் உழைப்புக்கான தொகையை விழா நடத்துவோர் ஆக்ஸ்பாமுக்குச் செலுத்துகிறார்கள். தொண்டருக்குக் கூலி கிடையாது, விழாவைப் பார்க்கும் வாய்ப்பு உண்டு. இதை நாம் மோசடி என்று சொல்லவில்லை. பர்மிங்ஹாம் பட்டறையிலே சனிக்கிழமை பிற்பகல் வேலை செய்து கூலியைக் கொடுத்தவனின் பேரப்பிள்ளைகள்தான் இவர்களும். விரும்பிக் கொடுக்கிற உழைப்பு. ஆனால் மேடை கட்டுகிறவன், மின்கம்பி இழுக்கிறவன், விழா முடிந்த மறுநாள் குப்பை அள்ளுகிறவன் - அவனையும் "தொண்டு" என்ற பெயரிலே கூலியில்லாமல் வளைக்க எங்கேனும் எவரேனும் முற்பட்டால், அங்கே தருமம் முடிந்து வேறொன்று தொடங்குகிறது. கூரையேற்றிய ஹீப்பும் பேட்ஜரும் தொண்டர்களல்லர், கூலிக்கு வந்தவர்கள்.

பர்மிங்ஹாமின் கடைசி விழா 1912-இலே நடந்தது. அடுத்தது 1915-இலே நடந்திருக்க வேண்டும். முதல் உலகப் போர் குறுக்கிட்டது. மீண்டும் தொடங்கவேயில்லை. ஆஸ்பத்திரி அதற்கு முன்பே, 1897-இலே, ஸ்டீல்ஹவுஸ் வீதியிலே சிவப்புச் செங்கல்லிலே எழுந்த புதுக் கட்டடத்துக்கு மாறியிருந்தது. இன்று அந்தக் கட்டடத்திலே இருப்பது குழந்தைகள் ஆஸ்பத்திரி. நன்கொடை திரட்டுகிற அமைப்பு ஒன்று அங்கே இன்னமும் உண்டு. அதற்காக ஓடுகிறவர்கள் ஓடுகிறார்கள், பாடுகிறவர்கள் பாடுகிறார்கள். காய்ச்சலோடு குழந்தையைத் தூக்கிக்கொண்டு வருகிற தாய், அதற்கு முன்னால் எவர் வீட்டு வாசலிலும் நின்றுவிட்டு வருவதில்லை.